த்ரிஃப்ட் கடையில் உடை தேடாதீர்கள், துணியையும் தோளையும் தேடுங்கள்

கனடாவின் டொரண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: கையில் காசு குறைவு, வேலைக்கான இன்டர்வியூ வருகிறது, குளிரும் வருகிறது, கூடப் படிப்பவர்கள் த்ரிஃப்ட் கடையில், அதாவது அடுத்தவர் போட்டுக் கொடுத்த பழைய துணியை விற்கும் கடையில், வாங்கியே அவ்வளவு அழகாக உடுத்துகிறார்கள், நான் போனால் மட்டும் அந்தத் துணிக் கூட்டத்தைப் பார்த்துத் தலை சுற்றி வெறுங்கையோடு திரும்புகிறேன், இல்லையென்றால் வாங்கி வந்தது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த துணி மாதிரியே இருக்கிறது, அம்மா வேறு "அடுத்தவர் போட்டதைப் போடாதே" என்கிறார், எங்கிருந்து தொடங்குவது?

டொரண்டோவில் துணிகளை ஆல்டர் செய்து கொடுப்பதுதான் என் வேலை. என்னிடம் வருவதில் நிறைய த்ரிஃப்ட் கடைத் துணி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புதுத்துணிக் கடையில் ஒரே சட்டை ஐந்து அளவிலும் நாலு நிறத்திலும் தொங்கும், பக்கத்திலேயே பொம்மைக்குப் போட்டும் காட்டிவிடுவார்கள். த்ரிஃப்ட் கடையில் எல்லாமே ஒற்றை. அந்த நிறம் பிடித்தால் அளவு சரியிருக்காது, அளவு சரியென்றால் பொத்தான் அசிங்கமாக இருக்கும். முழுசாக ஒரு உடையை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அது கிடைக்கவே கிடைக்காது, வெறுத்துப்போய்க் கிடைத்ததை வாங்கி வருவீர்கள், அதுதான் பார்க்க இரவல் துணியாகத் தெரிகிறது. ஆகவே கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: துணி நல்லதா, தோள் பொருந்துகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுங்கள். நீளம், இடுப்பு, கை, பொத்தான் எல்லாம் அப்புறம் ஊசி பார்த்துக்கொள்ளும்.

துணியை முதலில் கையால் பாருங்கள். ஹேங்கர் வரிசையில் நடக்கும்போதே ஒரு கையைத் துணிகளின்மேல் ஓட்டிக்கொண்டு போனால் வுல், பட்டு, லினன், கனமான பருத்தி எல்லாம் தானாகக் கைக்குத் தட்டுப்படும், அங்கே மட்டும் நின்றால் போதும். தி.நகரில் பட்டுச்சேலை எடுக்கும்போது நம் அம்மாக்கள் முந்தானையை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கம் உங்களுக்கும் இருக்கும், இங்கே அது பெரிய சொத்து. பட்டை உள்ளங்கையில் பொத்தி வைத்தால் சீக்கிரம் வெதுவெதுப்பாகும், லினனை ஒரு முறை கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும், அக்ரிலிக் என்ற செயற்கை நூல் ஸ்வெட்டர் வழவழவென்று விரலில் கீச்சிட்டு உரசும். சந்தேகம் வந்தால் லேபிளைத் தேடுங்கள். கனடாவில் விற்கும் உடையில் எந்த நூல் எத்தனை சதவீதம் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். கழுத்தில் இல்லாவிட்டால் பக்கவாட்டு உள்தையலில் இருக்கும், கோட்டில் பல சமயம் உள்பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும். குளிர்கால கோட் என்றால் வுல் 70 சதவீதத்துக்குக் குறையாமல் எடுக்கப் பாருங்கள். பாதிக்குமேல் பாலியெஸ்டர் இருக்கும் கோட் முதல் வாரம் அழகாக இருக்கும், பிறகு முழங்கையிலும் பை உரசும் இடத்திலும் உருண்டை உருண்டையாக நூல் திரண்டுவிடும்.

பெரிய பிராண்டு பெயரைத் துரத்த வேண்டாம். ஆனால் சில பழைய கனடியக் கடைகளின் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: 1999-இல் திவாலான ஈட்டன்ஸ், 2016-இல் திவாலான டேனியர் லெதர், 2025-இல் கடைகளை எல்லாம் மூடிவிட்ட ஹட்சன்ஸ் பே. ஈட்டன்ஸ் லேபிள் இருந்தால் அந்தக் கோட் இருபது, முப்பது வருடம் தாண்டியும் உருக்குலையாமல் நிற்கிறது என்று அர்த்தம், அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? டேனியர் ஜாக்கெட் இந்த ஊர் த்ரிஃப்ட் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும், பெரும்பாலும் அசல் தோல். லேபிளில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி தோள். கோட், பிளேசர், சட்டை எதுவானாலும் உடலையும் கையையும் இணைக்கும் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் வந்து உட்கார வேண்டும். அது கீழே சரிந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பிளேசரும் அப்பாவுடையதைப் போட்டுக்கொண்ட மாதிரிதான் இருக்கும். தோளைச் சரிசெய்ய முடியாதா என்று என்னிடம் நிறைய பேர் கேட்பார்கள். முடியும். கையைக் கழற்றி, தோளுக்குள் வைத்திருக்கும் பேடை எடுத்து, கைக்குழியைத் திரும்ப வெட்டி, கையைத் திரும்பப் பொருத்த வேண்டும், கூலி கோட்டின் விலையைத் தாண்டிவிடும். அதனால் தோள் சரியில்லை என்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு திரும்ப மாட்டிவிடுங்கள்.

பல கடைகளில் இப்போது உடை மாற்றிப் பார்க்கும் அறை கிடையாது. எனவே போகும்போது உடம்போடு ஒட்டிய பனியனும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு போங்கள், கண்ணாடி முன்னால் நின்று அதன்மேலேயே போட்டுப் பார்த்துவிடலாம். கூடவே ஒரு இன்ச் டேப். வீட்டில் உங்களுக்கு மிகச் சரியாக இருக்கும் ஒரு சட்டையையும் ஒரு பேன்டையும் கட்டிலில் விரித்து வைத்து, தோளுக்குத் தோள், அக்குளுக்கு அக்குள், கை நீளம், இடுப்பு, கால் உள்தையல் நீளம் எல்லாவற்றையும் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் துணியை விரித்து அந்த எண்களோடு ஒப்பிட்டால் போடாமலேயே தெரிந்துவிடும். லேபிளில் போட்டிருக்கும் சைஸை நம்ப வேண்டாம், பெண்கள் உடையில் முக்கியமாக. பழைய காலத்து 12 இன்றைய 12-ஐவிட நன்றாகவே சின்னது, முன்பு வைத்திருந்தவர் துவைத்துச் சுருங்கிப்போனதும் அதே சைஸ் லேபிளோடுதான் தொங்கும்.

எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தால் பாதிக் காசு மிச்சம். இடுப்பில் ஓர் இன்ச், இரண்டு இன்ச் பிடிப்பது சுலபம். பிரித்துப் பெரிசாக்க வேண்டுமென்றால் உள்ளே துணி விட்டிருக்க வேண்டும், பேன்டின் பின்பக்க நடுத்தையலைத் திருப்பிப் பாருங்கள், ஆண்கள் பேன்டில் பெரும்பாலும் விட்டிருப்பார்கள். பிளேசர் கையைக் குறைக்கலாம், ஆனால் கைமுனைப் பொத்தான்களுக்கு நிஜக் காஜா அடித்திருந்தால் வேலை சிக்கலாகிவிடும். பிளேசரின் நீளத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பாக்கெட் கீழ்விளிம்போடு ஒட்டிக்கொண்டு விகாரமாக இருக்கும். ஸ்வெட்டரில் திரண்ட நூல் உருண்டையைத் துணிக்கென்று விற்கும் ஷேவர் மெஷினால் எடுத்துவிடலாம், பேன்ட் ஜிப்பை மாற்றலாம், பொத்தான் மாற்றுவது ஒரு வேலையே இல்லை. ஆனால் வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சள் கறை, தளர்ந்துபோன எலாஸ்டிக் துணி, காலரில் செதில் செதிலாக உரியும் போலித் தோல், மார்புப் பக்கத்தில் கொப்புளம் போட்ட மாதிரி உப்பிய பிளேசர், இந்த நாலையும் தொடாதீர்கள். அந்தக் கொப்புளம் உள்ளே ஒட்டிய பசை விட்டுப்போனதால் வருவது, எந்த இஸ்திரிப் பெட்டியாலும் திரும்ப உட்காராது. வுல் எதுவானாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அந்துப்பூச்சி அரித்த ஓட்டை அப்போதுதான் தெரியும்.

கடைகள்: வேல்யூ வில்லேஜ் பெரிசு, லாபத்துக்கு நடத்தும் நிறுவனம், தொண்டு நிறுவனங்களிடம் காசு கொடுத்துத் துணி வாங்கி விற்கிறது. சால்வேஷன் ஆர்மி கடைகள் அதே பெயருள்ள கிறிஸ்தவத் திருச்சபையினுடையவை, கூட்டமும் குறைவு. டொரண்டோவின் கென்சிங்டன் மார்க்கெட் பகுதியில் 'கரேஜ் மை லவ்' மாதிரியான பழைய விண்டேஜ் கடைகளில் யாரோ ஏற்கெனவே சலித்து எடுத்து வைத்திருப்பதால் விலை கூடுதல். அங்கே வாங்காவிட்டாலும் ஒரு மத்தியானம் சுற்றிப் பாருங்கள், எதோடு எதைச் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தே நிறைய கற்கலாம். விலைச்சீட்டின் நிறத்தைப் பார்த்துத் தள்ளுபடி கொடுக்கும் நாட்கள் உண்டு, வேல்யூ வில்லேஜ் மாதிரி லாபத்துக்கு நடத்தும் கடையில் பில்லில் 13 சதவீத எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வார நாள் காலை நல்லது. ஏப்ரல் கடைசியில் மாணவர்கள் அறையைக் காலி செய்துகொண்டு போகும் சமயத்தில் ஜீன்ஸ், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வந்து குவியும்.

உங்களுக்கான பகுதி என்று போர்டு மாட்டிய இடத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்களுக்குச் சின்ன உடல்வாகு என்றால் பையன்கள் பகுதியில் பிளேசர் கிடைக்கும். பள்ளி விழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுக் கொடுத்திருப்பார்கள், கிட்டத்தட்டப் புதுசு, விலையும் குறைவு. பொத்தான் எதிர்ப்பக்கம் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஸ்வெட்டருக்கு ஆண்கள் பகுதிதான். பெண்கள் பகுதியில் மெல்லிய அக்ரிலிக்காகத் தொங்கும்போது அங்கே வி-கழுத்து லாம்ப்ஸ்வுல், அதாவது ஆட்டுக்குட்டிக் கம்பளி, வரிசையாக இருக்கும்.

சரி, இன்டர்வியூ. பையன்கள் பகுதியில் கருநீல வுல் பிளேசர் ஒன்று தோளுக்குச் சரியாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பளபளவென்று தங்க நிற பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும், அதுதான் பள்ளிச் சீருடைத் தோற்றத்தைக் கொடுப்பது. அதை வெட்டியெறிந்துவிட்டுக் கரும்பழுப்பில் மங்கலான பொத்தான் தைத்துவிடுங்கள், நூலும் கருநீலமாகவே இருக்கட்டும். பக்கத் தையல் இரண்டிலும் இடுப்புக்கு நேராக அரை அரை இன்ச் பிடிக்கச் சொல்லுங்கள். கை நீளமாக இருந்தால் உள்சட்டையின் கைமுனை அரை இன்ச் வெளியே தெரிகிற மாதிரிக் குறைக்கச் சொல்லுங்கள். இந்த மூன்று வேலையில் அது உங்களுக்கென்றே தைத்த கோட்டாக மாறிவிடும். ஸ்கார்பரோவில் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கும் இலங்கைத் தமிழ் அக்காமார் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்கள் கை சுத்தமான கை, பெரிய கடைக் கூலியும் இருக்காது. உள்ளே க்ரீம் நிறப் பருத்திச் சட்டை. கீழே பேன்ட் கருநீலமே வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: வெவ்வேறு இடத்தில் வாங்கிய இரண்டு கறுப்பையோ இரண்டு கருநீலத்தையோ ஜோடி சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருக்கும், அறை விளக்கில் ஒன்றாகத் தெரிந்து வெயிலில் பல்லிளிக்கும். செட் உடைந்துபோன சூட் மாதிரித் தெரிவதற்குப் பதிலாக, வேண்டுமென்றே வேறு நிறம் எடுத்தது என்று தெரியட்டும்.

அன்றாடத்துக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறங்கள். இங்கேதான் உங்களுக்கு மற்றவர்களிடம் இல்லாதது இருக்கிறது. ஆண்கள் பகுதியில் எடுத்த பாட்டில்கிரீன் வி-கழுத்து ஸ்வெட்டருக்குள் உங்கள் கைத்தறிக் குட்டைக் குர்தாவைப் போடுங்கள், கழுத்தும் கீழ்விளிம்பும் மட்டும் எட்டிப் பார்க்கட்டும், கீழே நேர்வெட்டு ஜீன்ஸ், கழுத்தைச் சுற்றிக் கலம்காரி துப்பட்டா. ஸ்வெட்டர் தொளதொளவென்று இருந்தால் ஜீன்ஸ் ஒட்டியிருக்கட்டும், ஜீன்ஸ் அகலமானால் ஸ்வெட்டரை முன்பக்கம் கொஞ்சம் உள்ளே செருகுங்கள், மேலும் கீழும் இரண்டுமே தொளதொளவென்றால் உடம்பே காணாமல் போய்விடும். ஒரு உடையில் பேச ஒரே ஒரு துணியை மட்டும் விடுங்கள். துப்பட்டா பேசினால் மற்றவை சும்மா இருக்கட்டும். பூப்போட்ட சட்டை, கட்டம் போட்ட பிளேசர், கரடுமுரடு பூட்ஸ் மூன்றையும் ஆசை ஆசையாய் ஒரே நாளில் போட்டால்தான் த்ரிஃப்ட் கடையையே தூக்கிக்கொண்டு வந்த மாதிரி ஆகிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டொரண்டோ குளிர்காலத்தில் ரயிலில் ஏறிப் பாருங்கள், கறுப்பும் சாம்பலும்தான். புதிதாக வந்தவர்களும் பயந்துபோய் அதையே வாங்குகிறார்கள். வெளிர்பழுப்பும் வேண்டாம், நம் மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் அது அப்படியே ஒட்டிக்கொண்டு முகத்தை மங்கடித்துவிடும். சேலைக் கடையில் நாம் நம்பி எடுக்கும் அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வாடாமல்லி, கரும்பச்சை எல்லாம் வுல்லிலும் கிடைக்கின்றன, பலரும் அடக்கமான நிறம் தேடுவதால் அவை அப்படியே தொங்கிக்கொண்டு இருக்கும். அரக்கு நிறத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வுல் கோட் ஒன்று, 20, 30 டாலருக்கு அகப்பட்டால் யோசிக்கவே வேண்டாம்.

அந்த நீளக் கோட் கல்யாணத்துக்கும் உதவும். டிசம்பரில் சேலை கட்டிக்கொண்டு மேலே உப்பலான பஃபர் ஜாக்கெட் மாட்டினால் இடுப்போடு கொசுவம் நசுங்கிப்போகும், சேலையின் அழகே போய்விடும். நீளமான, உள்ளே வழுவழுப்பான லைனிங் போட்ட கோட் என்றால் சரிகையில் மாட்டாமல் சேலைமேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். வாங்குமுன் கைக்குள் கையை விட்டு அக்குள் பக்கம் லைனிங் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான். சின்னக் கிழிசல் என்றால் தைத்துவிடலாம், அதற்காக நல்ல கோட்டை விடாதீர்கள். ப்ளவுஸுக்குப் பதில் கழுத்துவரை மூடிய மெல்லிய மெரினோ கம்பளி ஸ்வெட்டர் போட்டு அதன்மேல் பருத்திச் சேலையோ மெல்லிய பட்டோ கட்டி, காதில் ஜிமிக்கி மட்டும் போட்டுப் பாருங்கள். எவ்வளவு அழகு, எவ்வளவு கதகதப்பு! கனமான காஞ்சிபுரத்துக்கு இது சரிவராது, அதற்கு ப்ளவுஸ்தான். சேலைகளே தொங்கும் த்ரிஃப்ட் கடைகளும் ஸ்கார்பரோ பக்கம் உண்டு, சல்வார் வரிசைக்குப் பக்கத்தில் பாருங்கள்.

செருப்பு, ஷூ விஷயத்தில் மட்டும் நான் கறார். அடுத்தவர் பாதத்துக்குப் பழகி உள்ளே பள்ளம் விழுந்த ஷூ உங்கள் காலுக்குச் சரிவராது. அடிப்பாகம் தேயாத தோல் பூட்ஸ் என்றால் வாங்கலாம், சாலையில் தூவும் உப்பின் வெள்ளைக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்தால் போகும். உள்ளாடை, நீச்சலுடை வேண்டவே வேண்டாம்.

இனி அம்மா. அம்மா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். யார் போட்டார்கள், என்ன நோயோ என்ற கவலை அது, நம் வீடுகளில் பிறந்தநாள் துணிக்கே மஞ்சள் தடவித்தான் போடுவோம். ஆனால் அக்கா பாவாடையைத் தங்கைக்கும் அண்ணன் சட்டையைத் தம்பிக்கும் போட்டு வளர்த்ததும் அதே அம்மாதான். வீட்டுக்குள் வந்த துணி முறையாகச் சுத்தமாகிறது என்று காட்டிவிட்டால் அவர் மனம் இறங்கும். இந்த ஊரில் உண்மையாகப் பயப்பட வேண்டியது மூட்டைப்பூச்சிக்குத்தான். கடையிலேயே காலர் மடிப்பு, பாக்கெட் மூலை, உள்தையல் எல்லாவற்றையும் விரித்துப் பாருங்கள், கரும்புள்ளியாக ஏதாவது தெரிந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். வாங்கியதை வாசலிலேயே பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், கட்டில்மேல் போடாதீர்கள். பருத்தி, ஜீன்ஸ், பாலியெஸ்டர் எல்லாம் நேரே டிரையருக்கு, அதிக சூட்டில் அரை மணி நேரம், பூச்சியும் முட்டையும் சாகும், அப்புறம் துவைக்கலாம். வுல்லை டிரையரில் போட்டால் குழந்தைக்குத்தான் ஆகும். அதைக் காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், அந்துப்பூச்சிக்கும் அதுவே மருந்து. ஸ்வெட்டரை எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் பேபி ஷாம்பூ விட்டு ஊறவைத்து, முறுக்காமல் டவலில் சுருட்டிப் பிழிந்து, விரித்துக் காயவையுங்கள், தொங்கவிட்டால் கை நீண்டுவிடும். கோட்டுக்கு மட்டும் டிரை கிளீன், அந்தக் கூலியையும் சேர்த்தே கோட்டின் விலையை யோசியுங்கள்.

அந்துருண்டை வாசனைதான் பெரிய தொல்லை. டிரை கிளீன் செய்தாலும் முழுசாகப் போகாது, சென்ட் அடித்தால் இன்னும் மோசம். பால்கனியில் நிழலும் காற்றும் படும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால்தான் அடங்கும். எனவே கோட்டைக் கடும்பனி விழும்வரை தள்ளிப்போடாமல் செப்டம்பர், அக்டோபருக்குள் எடுத்துவிடுங்கள், இன்டர்வியூ பிளேசருக்கும் தையல்காரரிடம் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.